சைகோனில் ஓரிலைத்தாமரை

"எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று விமான நிலையத்தில் கேட்ட அதிகாரியிடம், "ஒரு காய்ந்த பூவைப் பார்க்க" என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டத் தொடங்கினார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். "சுற்றுலா" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் முத்திரை விழுந்தது.

உண்மையில் நான் பார்க்க வந்தது காய்ந்த பூவைத்தான். சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். கொல்லிமலையில் கரடிக்கல் சரிவு என்று ஓர் இடம். அங்கே ஒரு தரை ஆர்க்கிட் வளர்கிறது. ஆர்க்கிட் என்றதும் கல்யாண மேடையில் தொங்கும் ஊதாப் பூச்சரம் நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இதற்கு மண்ணுக்குள் நெல்லிக்காய் அளவில் ஒரு கிழங்கு. முதல் மழை விழுந்ததும் ஒரு காம்பு எழும்பி ஒரே ஒரு பூ விடும். அப்போது செடியில் இலையே இருக்காது. பூ வாடி, காம்பும் மட்கிய பிறகுதான் தரையோடு தரையாக ஓர் இலை விரியும். பூவும் இலையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இந்தப் பேரினத்துச் செடிகளை லத்தீனில் நெர்விலியா என்பார்கள். நம் வைத்தியர்கள் ஓரிலைத்தாமரை என்பார்கள். தாமரைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அந்தச் சரிவை வெட்டி மலைச்சாலையை அகலப்படுத்த இருக்கிறார்கள். "இது வேறெங்கும் இல்லாத செடி என்று காட்டுங்கள், பாதையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்" என்று சாலை பற்றிக் கருத்துக் கேட்ட கூட்டத்தில் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். நானும் புதிய இனம் என்று ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். அதை மதிப்பிட்டவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வியட்நாமில் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தின் பூவும் என் பூவும் ஒன்றுபோல இருக்கின்றன, இலை மட்டும்தான் வேறு, இலை இடத்துக்கு இடம் மாறும், நீங்கள் மூலத் தாளைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். முதன்முதலில் பெயர் வைத்தவர் எந்தக் காய்ந்த செடியை வைத்துக்கொண்டு பெயர் வைத்தாரோ, அதை ஒட்டிவைத்த தாள்தான் எங்கள் துறையில் கடைசித் தீர்ப்பு. அது சைகோனில் இருந்தது. இணையத்தில் கிடைத்த படமோ கஞ்சித் தண்ணீருக்குள் பார்த்ததுபோல மங்கல்.

"நேர்ல போயிப் பாத்துட்டு வந்துரு" என்றாள் வளர்மதி. விலங்கியல் துறையில் இருப்பவள், சரிவுக்காக என்னோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து சண்டை போட்டவள். "பாக்காமயே பேசறதுக்கு அந்தக் கூட்டத்துல ஏற்கெனவே போதுமான ஆளு இருக்காங்க."

தங்கியது தாவோ தியெனில், என் பழைய மாணவி கவிதாவின் வீட்டில். ஆற்றுக்கு இந்தப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் பள்ளிக்கூடமும் காபிக்கடையுமாகக் குடியிருக்கும் பகுதி. கவிதா அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாடியில் நின்று பார்த்தால் ஆற்றில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து போகிறது. அதுவும் தாமரை இல்லை என்று கவிதாவிடம் சொன்னேன். "மேடம், இன்னும் கிளாஸ் எடுக்கறத விடலியா நீங்க?" என்றாள்.

முதல் நாள் காலை பைக் டாக்சி பிடித்து, அந்தத் தாள் இருக்கும் தாவரக் காப்பகத்துக்குக் கிளம்பினேன். ஓட்டுநர் என் வயதைப் பார்த்ததும் 'கோ' என்று அழைத்தார். அத்தை என்று அர்த்தம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை தூறி, யோசித்து, பிறகு பெய்யும். இங்கே வாளியைக் கவிழ்த்ததுபோல இறங்குகிறது. தெரு முழங்கால் அளவு வெள்ளமானது. வண்டி இருமியது, நின்றது. "அத்தை, கவலைப்படாதீர்கள், தினமும் இப்படித்தான்" என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். தினமும் இப்படித்தான் என்பதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் தெரியவில்லை. சல்வாரைச் சுருட்டிக்கொண்டு நானும் வண்டியைத் தள்ளினேன். எதிரே ஒரு பெண் பின்இருக்கையில் குழந்தையையும் முன்னால் மீன் கூடையையும் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பதற்றமில்லாமல் தண்ணீரைக் கிழித்துப் போனாள்.

சொட்டச் சொட்டக் காப்பகத்துக்குப் போனால், அலமாரிச் சாவி வைத்திருக்கும் பொறுப்பாளர் வெளியூர். நாளை மறுநாள் வருவார் என்றார் வாசலில் இருந்த காவலர். உள்ளே விடச் சொல்லி வாதாடினேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, துண்டு ஒன்றையும் கொடுத்தார். துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்கத்துச் சந்தில் மதியச் சாப்பாடு. 'கொம் தாம்' என்பது நொய்யரிசிச் சோறு. நம் வீட்டில் நொய்யைத் தனியாகப் புடைத்துக் கஞ்சிக்கு ஒதுக்குவோம். வந்தவர்களுக்குப் போட மாட்டோம். இங்கே அதற்குத்தான் கூட்டம். மேலே சுட்ட பன்றி இறைச்சி, ஒரு முட்டை, தித்திப்பான மீன்சாறு. கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சிலைகள் வந்தன. நான் சாப்பிடாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இலை பச்சை மீன்போலவே வாடை அடித்தது. கடைக்கார அம்மாள் பக்கத்து மேசைக்காரரிடம், "இலையில் பூச்சி தேடுகிறாள்போல, கழுவித்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்லேன்" என்றிருக்கிறார். அவர் எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். வெட்கப்பட்டு எல்லா இலையையும் தின்றேன், மீன் வாடை உட்பட.

மறுநாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. சோலோனுக்குப் பேருந்து ஏறினேன். சீனர்களின் பழைய வணிகப் பேட்டை அது. நாட்டு மருந்துக்கென்றே ஒரு தெரு. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையின் வாசனை அப்படியே, அதிமதுரமும் பட்டையும் புழுதியும் கலந்து, ஆனால் தெரு முழுக்க. சாக்குகளை லாரியிலிருந்து இறக்குகிறவர்கள் வழி கேட்டுக் கத்துகிறார்கள். ஒரு கடையில் என் போனிலிருந்த ஓரிலைத்தாமரைப் படத்தை நீட்டினேன். கடைக்காரப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பின்னால் திரும்பி ஒரு சாக்கைத் திறந்தாள். உள்ளே சாம்பல் பச்சையில், சுண்டைக்காய் அளவில் உருட்டி உலர்த்திய இலை உருண்டைகள்.

"இருமலுக்கு நல்லது. ஒரு கிலோ போதுமா?" என்றது அவள் போன்.

ஒரு கிலோ! கரடிக்கல் சரிவு முழுவதையும் பறித்து உலர்த்தினாலும் அந்தச் சாக்கின் மூலைக்குக் காணாது. அவளுக்குப் பின்னால் அதேபோல இன்னும் சாக்குகள் இருந்தன. இந்த இலைக்குப் புத்தகங்களில் எழுதியிருக்கும் பெயர், அந்தப் பிரெஞ்சுக்காரத் தாளில் இருக்கும் பெயர்தான். என் செடியும் இதுதான் என்றாகிவிட்டால் கூட்டத்தில் யாராவது ஒருவர், "அம்மா, இது சைகோனில் சாக்கு சாக்காக விற்கிறது" என்று சொன்னால் போதும், சரிவு போய்விடும். ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, பேருந்தில் எங்கேயோ போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உருண்டைகளை ஒரு கோப்பை நீரில் ஊறப்போட்டு, இலைகளை மெல்லப் பிரித்துத் தட்டில் பரப்பினேன். இரண்டு பக்கமும் அடர்த்தியான ரோமம். என் செடியின் இலை வழவழவென்று, அடிப்புறம் ஊதா பாய்ந்து இருக்கும். 'இலைதான் வேறு, இலையைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எவ்வளவு நீவியும் அந்த இலைகள் தட்டையாகவில்லை. உருட்டியபோது விழுந்த மடிப்புகள் நடுவிலிருந்து விளிம்புவரை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிட்டு, கசக்கி நிமிர்த்திய காகிதம்போல அப்படியே நின்றன.

"மேடம், என் காபி கப்புல என்ன ஊறுது?" என்று சமையலறையிலிருந்து கவிதாவின் அலறல் கேட்டது.

"குடிச்சிராத. இருமல் மருந்து."

"எனக்கு இருமலே இல்லியே!"

அடுத்த நாள் பொறுப்பாளர் வந்திருந்தார். பெயர் ஹுவோங். ஒல்லியான பெண்மணி, தோளில் ஊசி நூல் குத்திவைத்த தையற்காரர்போலச் சட்டைப் பையில் இடுக்கிகள். கை குலுக்கியதும் என் வயதைத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் மொழியில் வயது தெரியாமல் ஒருவரை எப்படி அழைப்பது என்றே தெரியாதாம். நான் மூத்தவள் என்று தெரிந்ததும் நிம்மதியாக 'ச்சி' என்றார். அக்கா. நாங்கள் இந்தச் சத்தத்தை எரிச்சலில்தான் எழுப்புவோம் என்று சொல்லவில்லை. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

அலமாரியிலிருந்து அவர் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பழுப்பேறிய தாள். இடப்பக்கம் ஒற்றைப் பூவோடு ஒரு காம்பு. வலப்பக்கம் ஓர் இலை, ரோமம் நிறைந்தது. கீழே சின்னக் காகித உறையில் உதிர்ந்த இன்னொரு பூ. மூலையில் பிரெஞ்சில் எழுதிய குறிப்பு. இடம், சைகோனுக்கு வடக்கே ஒரு குன்று. தேதி, மழை தொடங்கும் மாதம்.

ஒரே ஒரு தேதி.

இந்தச் செடியைச் சேகரிக்கிற யாரும் இரண்டு தேதி எழுத வேண்டும். நாங்கள் முதல் மழைக்குப் போய்ப் பூவை எடுப்போம். எடுத்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு வருவோம். இரண்டு மாதம் கழித்து அதே குச்சியிடம் போய் இலையை எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, இரண்டு தேதியையும் எழுதுவோம். அதனால் தாளில் பூவும் இலையும் சேர்ந்திருப்பதைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. நானும் அந்த மங்கல் படத்தில் சந்தேகப்படவில்லை. ஆனால் ஒரே நாளில் மலர்ந்த பூவும் முற்றிய இலையும் எப்படி வரும்?

லென்ஸை எடுத்து இலையின் மேல் குனிந்தேன். நடுவிலிருந்து விளிம்புவரை மடிப்புகள், ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிட்டு. முந்தின நாள் கவிதா வீட்டுத் தட்டில் நான் நீவி நீவித் தோற்ற அதே மடிப்புகள்.

"இந்த இலை குன்றிலிருந்து வரவில்லை. கடையிலிருந்து வந்திருக்கிறது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஓர் உருண்டையை மேசையில் வைத்தேன். ஹுவோங் லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தார். இதைச் சேகரித்த மனிதர் பூவோடு ஊர் திரும்பியிருக்கிறார். இலையில்லாமல் ஒட்டினால் தாள் குறையாகத் தெரியும். மறுபடி குன்று ஏற அலுப்பு. மருந்துக் கடையில் ஓரிலை என்று கேட்டால் கொடுக்கிறார்கள். வாங்கி, ஊறவைத்து, விரித்து, ஒட்டிவிட்டார். இது என் ஊகம்தான். ஆனால் இப்படி ஒரு தவறை எங்கள் தாவரவியல்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. இத்தனை காலம் யாரும் கண்டுபிடிக்காத பிழையைப் பிடித்துவிட்டேன்! வளர்மதிக்கு எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன்.

ஹுவோங் லென்ஸைக் கீழே வைத்தார். "அக்கா, உங்கள் செடிக்கும் இதற்கும் இலையில்தான் வித்தியாசம் என்றீர்கள்."

"ஆமாம்."

"இந்த இலை இதனுடையது இல்லையென்றால், வித்தியாசம் எதில்?"

என் வாதம் முழுக்க அந்த ரோம இலையின் மேல் நின்றது. அதை இப்போது நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். மீதி இருப்பது பூ மட்டும். அது வேறாக இருந்தால் நான் பிழைத்தேன். ஒன்றாக இருந்தால் என் புதிய இனம் என்பது வெறும் கதை.

காய்ந்து நசுங்கிய பூவை அப்படியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வெந்நீரில் இளக்கி, உதடுபோல முன்னால் நீளும் உதட்டிதழைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறையிலிருக்கும் பூவைக் கேட்டேன். ஹுவோங் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "உதிரியாக இருப்பது இது ஒன்றுதான். கிழிந்தால் திரும்ப வராது." நான் மறுபடி கேட்டேன். சரிவைப் பற்றி, சாலையைப் பற்றி, கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்றார்.

வெளியே வந்து நடைபாதையில் முக்காலி போட்ட கடையில் ஐஸ் காபி குடித்தேன். அடியில் கட்டிப்பால், மேலே தார்போலக் காபி. கலக்காமல் குடித்துவிட்டேன்போல, நெஞ்சுவரை கசந்தது. ஊருக்குத் திரும்பி, தாளைப் பார்த்தேன், இலை வேறு, என் இனம் புதிது என்று கூட்டத்தில் சொன்னால் யாருக்கு என்ன தெரியப் போகிறது என்ற எண்ணம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்ததை இங்கே எழுதுவதில் எனக்குப் பெருமையில்லை. ஆனால் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பவா இவ்வளவு தூரம் வந்தேன்? மாட்டேன் என்று கண்ணாடிக் குவளையைக் கொஞ்சம் அழுத்தமாகவே கீழே வைத்தேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைசி நாள் காலை நான் போனபோது ஹுவோங் மேசையில் வெந்நீர்க் கிண்ணத்தை வைத்துக் காத்திருந்தார். "நான்தான் செய்வேன். நீங்கள் தொடக் கூடாது." சரி என்றேன். பூவை நீரில் இறக்கி, ஒரு துளி சோப்பு விட்டார். இருவரும் பால் பொங்கக் காத்திருக்கிறவர்கள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சருகு மெதுவாக உப்பியது. இதழ்கள் ஒவ்வொன்றாக விலகின. இடுக்கியால் உதட்டிதழைப் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு நாற்காலியை எனக்கு நகர்த்தினார்.

என் செடியின் உதட்டிதழில் நடுவே ஒரு மேடு ஓடும். பாதியில் இரண்டாகப் பிரியும். நுனி விளிம்பு மட்டும் சீப்புப் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், அவ்வளவு முறை வரைந்திருக்கிறேன்.

நடுவே ஒரு மேடு. பாதியில் இரண்டாகப் பிரிந்தது. நுனியில் சீப்புப் பல்.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன். அழுகை வந்தது. இந்தச் செடிக்கு நான் பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன். அது போனது வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"ஒன்றுதான்" என்றேன்.

ஹுவோங் ஒரு சின்னக் காகிதச் சீட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். தாளைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவர் அந்த முடிவை எழுதிக் கையெழுத்திட்டு அதே தாளில் ஒட்ட வேண்டும். பழைய பெயரை அழிக்கக் கூடாது. பூவின் கீழே, பெயர் வைத்தவரின் விவரிப்பு பெரும்பாலும் பூவைப் பற்றியது என்பதால் பழைய பெயர் பூவுக்கே உரியது என்றும், கொல்லிமலைச் செடியும் இதுவே என்றும் எழுதினேன். இலையின் கீழே, இது வேறு இனம், சந்தை இலை என்று எழுதினேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

பசை காயும்வரை ஹுவோங் ஜன்னலோரம் நின்றார். "அந்தக் குன்றைச் சுற்றி இப்போது தொழிற்பேட்டை. ஆனால் அதற்கு அப்பாலும் மலைகள் இருக்கின்றன. நானே பல மழைக்காலம் தேடியிருக்கிறேன். பூ சில நாள்தான் இருக்கும், அதனால் எல்லோரும் இலையை வைத்துத்தான் தேடுவோம். ரோம இலை எங்கு பார்த்தாலும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இந்தச் செடி நிறைய இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம்." என் பக்கம் திரும்பினார். "இந்தப் பூவின் உண்மையான இலையை இந்த நாட்டில் யாருமே பார்த்ததில்லை, அக்கா."

என் போனில் அது இருந்தது. வழவழப்பான இலை, மேற்புறம், அடிப்புறம், மழைத்துளியோடு, மழைத்துளி இல்லாமல். அவர் நாளைக்கே அதை எங்காவது கண்டுபிடித்துவிட்டால் 'வேறெங்கும் இல்லை' என்று நான் சொல்ல முடியாமல் போகும். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. எல்லாப் படங்களையும் அவருக்கு அனுப்பினேன்.

அவர் அடிப்புறத்து ஊதாவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தனை வருஷமும் தப்பான இலையைத் தேடியிருக்கிறோம்" என்றார்.

வாசலுக்கு வந்ததும் வளர்மதியை அழைத்தேன். முதல் மணிக்கே எடுத்துவிட்டாள்.

"என்னாச்சு? புதுசா, பழசா?"

"பழசு. பேரு அவங்களுது."

"அப்ப சரிவு அவ்வளவுதானா?" என்றாள். அவள் அப்படி உடைந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"இல்ல வளரு. இங்க பூவோட எடுத்தது அந்த ஒருதடவதான். அப்புறம் யாரும் கண்ணால பாக்கல. தெரிஞ்ச வரைக்கும் இப்ப அது உசுரோட இருக்கறது நம்ம சரிவுல மட்டுந்தான்."

"நெசமாவா?"

"நெசமா. ரெண்டு நாட்டுக்கும் சேத்து. கூட்டத்துல நாந்தான் மொதல்ல பேசுவேன்னு சொல்லி வை."